எங்கள் தெருச் சங்கமும் ஒரு தகரப் பெட்டியும்

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஏழு மணி ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் என்னைத் தேட மாட்டார்கள். "அம்மா சங்கத்துக்குப் போயிருக்கு" என்று பக்கத்து வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்தால் எங்க வீட்டுக்காரர் இறக்கி வைத்துவிடுவார். (இந்த அளவுக்கு அவரைப் பழக்க எனக்கு ஏழு வருஷம் பிடித்தது. அது தனிக் கதை!)

சங்கம் என்றதும் பெரிய கட்டடம், போர்டு, மைக் என்று நினைத்துவிடாதீர்கள். குயிலாப்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் பதினாறு பேர் ஒரு திண்ணையில் கூடுகிறோம். எங்களுக்கு இருக்கும் சொத்து ஒரு பாய், மூன்று நோட்டு, ஒரு தகரப் பெட்டி. பெட்டி ஒருத்தி வீட்டில் இருக்கும், சாவி இன்னொருத்தி வீட்டில், கணக்கு நோட்டு மூன்றாவது வீட்டில். யார் மேலும் சந்தேகம் என்று அர்த்தமில்லை. யார் மேலும் சந்தேகம் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

நான் பிறந்தது மரக்காணத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சாலையிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரியும். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் என் அம்மாவின் பாதம்தான் ஞாபகம் வரும். ஜனவரிக்கு மேல் வேலை தொடங்கினால் மழை வரும்வரை பாத்தியிலிருந்து வரப்புக்குக் கூடை கூடையாகத் தலையில் உப்புச் சுமப்பாள். காலெல்லாம் வெடிப்பு. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக் கொண்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. கார்த்திகை, மார்கழி தாண்ட வேண்டுமே! அப்போது முன்பணம் வாங்குவாள். அடுத்த வருஷம் வேலை செய்து கழிக்க வேண்டும். கணக்கு என்ன என்று அம்மாவுக்கும் தெரியாது, கொடுத்தவர் சொன்னதுதான் கணக்கு. பக்கத்து வீட்டிலும் அதே கதைதான். ஆனால் ஒருத்தர் கடனை இன்னொருத்தரிடம் சொல்ல மாட்டார்கள். மானம் போய்விடுமாம். அத்தனை வீடும் அதே கடனில் இருந்துகொண்டு, அத்தனை வீடும் மூடி மறைத்துக்கொண்டு! இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

2001-ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். இங்கே உப்பு கிடையாது; செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான். 1968-ல் ஆரோவில் வந்த பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது என்பார் என் மாமனார். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அங்கே வீட்டு வேலை, தோட்ட வேலை, தையல், ஊதுவத்தி என்று போகிறவர்கள். மீதிப் பேர் என்னைப்போல வீட்டோடு இருப்பவர்கள். கையில் காசு புழங்கத்தான் செய்தது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடப் பீஸ், நாத்தனார் சீமந்தம் என்று வந்துவிட்டால் பத்து வட்டிக்காரரைத் தேடித்தான் ஓட வேண்டும். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வட்டி!

எங்கள் சுற்று வட்டாரக் கிராமங்களில் ஆரோவில் வில்லேஜ் ஆக்‌ஷன் குரூப் என்ற அமைப்பு 1983-லிருந்து வேலை செய்கிறது. அவர்கள் பல ஊர்களில் பெண்கள் குழுக்களைக் கூட்டி நடத்தியதைப் பார்த்துத்தான், 2002-ல் எங்கள் தெருவிலும் ஆசை வந்தது. முதலில் சேர்ந்தது என் மாமியார். "நம்ம காசை நாமளே வச்சிக்கினு நாமளே வட்டி வாங்கினா இன்னா கெட்டுப் பூடும்?" என்று கேட்டாள் அந்த மனுஷி. ஒரு எழுத்துகூடப் படிக்காதவள். கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று பத்தாவது படித்த மருமகளையும் இழுத்து உட்கார வைத்தாள்.

வாரம் 20 ரூபாய் சந்தா. பதினாறு பேருக்கு வருஷத்துக்கு 16,640 ரூபாய் சேர்ந்தது. அதைப் பெட்டியில் தூங்க விடுவதில்லை. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் உள்கடன். 5,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 100. அதே பணத்துக்கு வெளியில் 500 அழ வேண்டும். அந்த 100 ரூபாயும் வெளியே போகாமல் எங்கள் பொதுநிதியிலேயே சேரும். ஆறு மாதம் ஒழுங்காக நடத்திக் காட்டிய பிறகு பாங்கிலும் கடன் கொடுத்தார்கள். பதினாறு பேர் கையெழுத்து, பதினாறு பேருக்கும் கூட்டுப் பொறுப்பு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பதினைந்து பேர் கட்ட வேண்டும். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

இது எங்கள் ஊர் கண்டுபிடிப்பு இல்லை. 1978-ல் சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மையார் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' ஆரம்பித்து, பூக்காரி, காய்கறிக்காரி, இட்லிக் கடைக்காரி என்று ஒரே தெருவில் இருப்பவர்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் வாங்கித் தந்தார். அரசாங்க அளவில் நம் மாநிலத்தில் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. கேரளத்தில் 1998-ல் வந்த குடும்பஸ்ரீ திட்டத்தில் இதற்கு 'அயல்கூட்டம்' என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். அயல் வீட்டுக்காரர்கள் கூடும் கூட்டம். அவ்வளவுதானே விஷயம்!

பணம் ஒரு சாக்கு என்பது எனக்குப் புரிந்தது தானே புயலின்போதுதான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் தோப்பில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. வேப்ப மரம் தெருவை அடைத்துக் கிடக்கிறது. கரண்ட் நாள்கணக்கில் இல்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. என் சின்னவளுக்கு அப்போது பதினொரு மாதம். மூன்றாம் நாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக் கொண்டது. ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்து நிற்கவே இல்லை. இவரோ கூரை பிரிந்துபோன தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். இருட்டில் குழந்தையை மடியில் போட்டுக் கொண்டு நான் அழுதேன்.

சத்தம் கேட்டு முதலில் வந்தவள் எதிர் வீட்டுத் தையல்காரம்மா. அவள் போய்க் கூப்பிட்டு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பு கிராம சுகாதாரச் செவிலியர் எங்கள் கூட்டத்துக்கு வந்து ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் அன்று நோட்டில் எழுதியதோடு சரி, மறந்தே போனேன். தையல்காரம்மா மறக்கவில்லை. விறகு அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு லிட்டருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்ட டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கினாள். "கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. தாய்ப்பாலை நிறுத்தாத" என்றாள். ராத்திரி முழுக்க முறை வைத்து ஊட்டினார்கள். விடிந்ததும் இரண்டு பேர் அரிவாளோடு முன்னால் நடந்து கிளையை வெட்டி வழிவிட, குழந்தையைத் தூக்கிக் கொண்டு டாக்டரிடம் போனோம். பிழைத்துக் கொண்டாள்.

இளம் தாய்மார்கள் இந்த அளவை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். உப்பு அதிகமானால் ஆபத்து, ஆகவே கையால் அள்ளிப் போடக் கூடாது. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுதான் மேல். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். குழந்தையின் கண் குழி விழுந்தாலும், சிறுநீர் போகாவிட்டாலும், துவண்டு கிடந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த வாரம் பெட்டியில் இருந்த ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாயும் வட்டியில்லாமல் வெளியே போயிற்று. அரிசி, மெழுகுவர்த்தி, கூரைக்குக் கீற்று... யாருக்கு எவ்வளவு என்று ஒரு சண்டைகூட வரவில்லை. பத்து வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து உட்கார்ந்த பலன் அது என்பது என் அபிப்பிராயம்.

இதோடு நிறுத்தினால் எங்கள் சங்கம் ஏதோ தேவலோகம் என்று நினைப்பீர்கள். வாஸ்தவத்தைச் சொல்லிவிடுகிறேன். சண்டை, கோபம், "நோட்டைக் காட்டு" என்று கூச்சல் எல்லாம் உண்டு. யாராவது பெரிய மனுஷர் வருகிறார் என்றால் கூட்டம் காட்ட எங்களைத்தான் கூப்பிடுவார்கள். வெயிலில் உட்கார வைத்து ஒரு மோர் பாக்கெட் கொடுத்து அனுப்புவார்கள். கடன் வாங்குவதற்காகவே குழு ஆரம்பித்து, பணம் கைக்கு வந்த மறுமாதம் கலைந்துபோன கதைகளும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. எங்கள் சங்கம், அதிலும் நான், செய்த ஒரு காரியத்துக்காக.

2023-ல் நான்தான் ஊக்குநர். கோடி வீட்டுத் தங்கச்சி தொடர்ந்து நாலு வாரம் வரவில்லை. பாங்குக் கடனில் அவள் பங்கு மாதம் 1,500 ரூபாய். இரண்டு மாதம் கட்டவில்லை. அவள் பங்கை நாங்கள் பிரித்துப் போட்டுக் கட்டினோம். மூன்றாவது மாதம் எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது. "நாம மட்டும் இளிச்சவாயா?" என்று கேட்டாள் இட்லிக்கடை அண்ணி. நியாயம்தானே! ஒன்பது பேராகக் கிளம்பினோம். அவள் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரிப் பேசினோம். அவள் கதவுக்குப் பின்னால் நின்று "குடுத்துடறேன் அக்கா, குடுத்துடறேன்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து, 'அடுத்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் நீக்குவது' என்று தீர்மான நோட்டில் என் கையாலேயே எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில் அவள் மூத்த மகளைப் பார்த்தேன். அப்போது பதினொன்றாவது படித்துக் கொண்டிருந்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், போகாமல் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தை, நீங்களும் அவங்க மாதிரியே வந்தீங்களே."

"எவங்க மாதிரிடி?"

பதில் சொல்லாமல் போய்விட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ராத்திரி தனியாகப் போனேன். ஒரு மணி நேரம் அழுத பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அவள் வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. வேலைக்குப் போய் ஐந்து மாதமாகிறது. 'முதுகு வலி' என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். அதற்கு முன்னாலேயே, அவர் நன்றாகச் சம்பாதித்த நாளில், மூன்று தனியார் கம்பெனிகளில் குழுக் கடன் வாங்கியிருந்தாள். ஒன்று 2,200, ஒன்று 1,950, ஒன்று 2,400. எங்கள் 1,500-ஐயும் சேர்த்தால் மாதம் 8,050 ரூபாய். வீட்டில் இப்போது வருவது அவள் சம்பளம் 9,000 மட்டும். மகளின் கம்மல் அடகில். வசூலுக்கு வருகிறவர் ராத்திரி ஒன்பது மணிவரை திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாராம். நாங்கள் போய் நின்ற அதே திண்ணை.

என் அம்மா மழைக்காலத்தில் வாயை மூடிக்கொண்டு முன்பணம் வாங்கியது எனக்கு ஞாபகம் வந்தது. இருபது வருஷம் சங்கம் நடத்தி, தெருக்கோடியில் இருக்கிறவள் வாயைத் திறக்க முடியாதபடிதானே வைத்திருக்கிறோம்! நாலு வாரம் அவள் வரவில்லை என்று அபராதம் எழுதினேனே தவிர, ஏன் வரவில்லை என்று ஒரு நடை போய்க் கேட்கவில்லை. எட்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அவள் சம்மதத்தோடு, அத்தனை கடனையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டத்தில் வைத்தேன். தையல்காரம்மாவின் மகன் ரிசர்வ் வங்கியின் விதிகளைத் தேடிப் படித்துக் காட்டினான். அதில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கும் கடன்தான் இந்தச் சிறு கடன். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்குமேல் போகும்படி கடன் கொடுக்கக் கூடாது. வசூலுக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்பும், மாலை ஆறு மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டுவது, அவமானப்படுத்துவது, உறவுக்காரர்களிடம் போய்ச் சொல்வது எதுவும் கூடாது. கம்பெனியில் புகார் கொடுத்தும் கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். 2025-ல் தமிழ்நாடு அரசும் கடன் வசூலில் வலுக்கட்டாயம் செய்வதைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டு வந்தது.

அவள் விஷயத்தில், கடன் கொடுத்தபோது புருஷனுக்கும் வருமானம் இருந்தது. ஆகவே கொடுத்ததில் தப்புச் சொல்ல முடியவில்லை. வசூல் செய்த விதத்தைத்தான் கேட்டோம். ஆறு பேர் அவள் திண்ணையில் சும்மா போய் உட்கார்ந்தோம். பூக்காரம்மா பூக்கட்டிக் கொண்டிருந்தாள். வசூலுக்கு வந்த பையனுக்கு எங்கள் பிள்ளைகள் வயசுதான் இருக்கும். டீ கொடுத்து, மணியைக் காட்டி, "தம்பி, இனிமே ஆறு மணிக்குள்ள வா. தவணையைக் குறைச்சு மாசத்தைக் கூட்டித் தரச்சொல்லி உங்க மேனேஜர்கிட்டக் கேளு" என்றோம். பாவம், அவனுக்கும் மேலே ஒருத்தர் திட்டுகிறார். இரண்டு கம்பெனிகள் தவணையைக் குறைத்துக் கொண்டன. ஒன்று மசியவில்லை, அதற்கு மட்டும் பழைய தவணையே இன்றுவரை.

எங்கள் பாங்குத் தவணையில் அவள் பங்கைப் பொதுநிதியிலிருந்து ஆறு மாதம் கட்டுவது என்று தீர்மானம் போட்டோம். இங்கேதான் சங்கம் உடைந்தது. இட்லிக்கடை அண்ணி எழுந்து நின்றாள். "என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து அடிச்சப்போ யாரும் பொதுநிதியைத் திறக்கலியே. நான் விடியக்காலம் மூணு மணிக்கு மாவரைச்சுக் கட்டினேன். என் கணக்கை முடிங்க" என்றாள். ஒருவரும் பதில் பேசவில்லை. என்ன பதில் இருக்கிறது? அவள் சேமிப்பை வட்டியோடு எண்ணிக் கொடுத்தோம். அவள் நோட்டில் கடைசிக் கையெழுத்து வாங்கும்போது என் கை நடுங்கிற்று. அவள் சொன்னது உண்மை. அவளுக்கு நாங்கள் அப்போது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சந்தா வசூலிக்கும் முன் பத்து நிமிஷம், நோட்டை மூடி வைத்துவிட்டு, வராதவர்கள் பேரைச் சொல்வோம். பக்கத்து வீட்டுக்காரி எழுந்துபோய் ஒரு நடை பார்த்துவிட்டு வரவேண்டும். பாதி நேரம் "தலைவலி", "சீரியல்" என்றுதான் பதில் வரும். வரட்டுமே!

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் மயிலம் பக்கமெல்லாம் ஒரே நாளில் ஏறக்குறைய ஐம்பது சென்டிமீட்டர் மழை. பள்ளத்தில் இருக்கும் கோடி வீட்டில் முழங்காலளவு தண்ணீர். இடுப்பு சரியாகாத மனுஷனைக் கட்டிலோடு தூக்க வேண்டியதாயிற்று. யார் வீட்டுக்கு என்று நாங்கள் யோசிக்கும் முன்பே, இட்லிக்கடை அண்ணி மாடிப்படி விளக்கைப் பிடித்துக் கொண்டு நின்றாள். மூன்று நாள் அவள் வீட்டில்தான் இருந்தார்கள். இட்லியும் அவள்தான் போட்டாள். ஆனாலும் இன்றுவரை சங்கத்துக்குத் திரும்பவில்லை. போய்க் கேட்டால், "பாக்கலாம் அண்ணி" என்கிறாள். நானும் மாதம் ஒரு தடவை கேட்டுக் கொண்டுதான் இருக்கிறேன்.

கோடி வீட்டுத் தங்கச்சி இப்போது 100 ரூபாய் வாரச் சந்தாவைத் தவறாமல் கட்டுகிறாள். கடன் இன்னும் முழுசாகத் தீரவில்லை. அந்தப் பெண் பிளஸ் டூ முடித்துக் காலேஜுக்குப் போகிறாள். எனக்குக் கண் மங்குகிறது என்று கணக்கு எழுத அவளைத்தான் உட்கார வைத்திருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை விருந்தாளி வந்துவிட்டதால் நான் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அத்தை, அஞ்சு ரூபா அபராதம்" என்று கையை நீட்டினாள். முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.